பென்சில் குறிப்பை நம்பலாமா? பொறியாளர் மாளிகையின் பழைய படம்

கேள்வி: டொராண்டோவில் ஒரு பழம்பொருள் கடையில், அட்டையில் ஒட்டிய மாளிகைப் படம் ஒன்று வாங்கினேன். பின்பக்கம் பென்சிலில் ‘கசிமிர் க்ஸோவ்ஸ்கி வீடு, 1860’ என்று எழுதியிருக்கிறது. அந்தக் காலத்துப் படம்தானா? மஞ்சள் பூத்திருக்கிறது, துடைக்கலாமா?

பதில்: முதலில் துணியைக் கீழே வையுங்கள். 1860களின் படமென்றால் அது பெரும்பாலும் ஆல்புமென் தாள். முட்டை வெள்ளைக்கரு பூசியது. ஈரம் பட்டால் அந்தப் படலம் ஊறி, காயும்போது மயிரிழை வெடிப்பு விடும். அதைச் சரிசெய்யவே முடியாது. அட்டையிலிருந்து உரிக்கவும் முயலாதீர்கள். தாள் மிக மெலிது, கிழிந்துவிடும்.

பென்சில் குறிப்பு யாரும் எப்போதும் எழுதியிருக்கலாம். தாளைக் கேளுங்கள். 30 மடங்கு உருப்பெருக்கியில், படத்தின் வெளிர்ந்த பகுதியைப் பாருங்கள். தாளின் நார்கள் தெரிந்தால் ஆல்புமென். நார்களை மறைத்து வழவழப்பான வெள்ளை அடுக்கு இருந்தால், 1880களுக்குப் பிறகு பரவிய, ஜெலட்டின் அல்லது கொலோடியன் பூசிய தாள். கரும்பகுதிகளின் ஓரத்தில் நீலம் கலந்த வெள்ளிப் பளபளப்பு இருந்தால் ஜெலட்டின் என்றே சந்தேகியுங்கள். சீரான புள்ளிகள் தெரிந்தால் அது அச்சகத்தில் அச்சான படம்.

பலர் இடறும் இடம் ஒன்று உண்டு: எடுத்த ஆண்டு வேறு, அச்சிட்ட ஆண்டு வேறு. பழைய படத்தையே பிற்காலத்தில் மறுபடி படம் பிடித்திருக்கலாம். கீறலும் கறையும் கண்ணுக்குத் தெரிந்து, சாய்வான வெளிச்சத்தில் மேற்பரப்பு மட்டும் சமமாக இருந்தால் அது நகல்.

அடுத்து அட்டை. சுமார் 64×100 மி.மீ. என்றால் கார்ட் டி விசிட் என்ற சிறிய பட அட்டை; 1860களில் பெருவழக்கு. 108×165 மி.மீ. என்றால் கேபினட் அட்டை என்ற பெரிய வகை. அது 1866-இல்தான் வந்தது. அப்படியானால் உங்கள் 1860 அந்த அட்டைக்குப் பொருந்தாது.

இனி வீடு. க்ஸோவ்ஸ்கி 1813-இல் பிறந்த போலந்துப் பொறியாளர். டொராண்டோ–சார்னியா ரயில் பாதை ஒப்பந்தத்தில் பங்காளி. நயாகரா ஆற்றின் மேல் 1873-இல் திறந்த சர்வதேசப் பாலத்தைக் கட்டியவர். பாதர்ஸ்ட் தெருவில் ‘தி ஹால்’ என்ற மாளிகையில் வாழ்ந்தார். அந்த வீடு இன்று இல்லை. ஆகவே ஒப்பிட எஞ்சியவை பழைய படங்களும் வரைபடங்களுமே. தீக்காப்பீட்டு நிறுவனங்களுக்காகக் கட்டடங்களைக் குறித்து, கோட் (Goad) என்பவர் வெளியிட்ட 1884 வரைபடத்தில் செங்கல் கட்டடம் இளஞ்சிவப்பு, மரக்கட்டடம் மஞ்சள். அதில் வீட்டின் அடித்தள வடிவத்தை உங்கள் படத்தின் மூலைகள், முன்னீட்டிய பகுதிகளோடு பொருத்துங்கள். படத்தில் டிராம் மின்கம்பி தெரிந்தால் 1892-க்கு முந்தையது அல்ல. டொராண்டோவில் மின் டிராம் ஓடத் தொடங்கியது அப்போதுதான்.

வானம் வெறும் வெள்ளையாக இருக்கிறதே என்று கவலைப்படாதீர்கள். அன்று பிலிமுக்குப் பதில் கேமராவில் வைத்த கண்ணாடித் தகடு நீல ஒளியைத்தான் அதிகம் உணரும். வானம் வெளுத்தும் சிவப்புச் செங்கல் கறுத்தும் பதியும். மர இலைகள் மங்கலாகத் தெரிவதும் பழுது அல்ல. சில விநாடி நீண்ட பதிவில் காற்று அசைத்ததன் தடம்.

ஸ்கேன் செய்யும்போது தட்டையான ஸ்கேனரையே பயன்படுத்துங்கள். படத்தை உள்ளிழுக்கும் கருவி கூடவே கூடாது. அட்டை வளைந்திருந்தால் மூடியால் அழுத்தாமல் மேலிருந்து கேமராவில் எடுங்கள். கார்ட் டி விசிட்டுக்கு 1200 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளிகள்), கேபினட்டுக்கு 600 போதும். டிஃப் (TIFF) கோப்பாக, வண்ணத்தில், இருபக்கமும் எடுங்கள். கறுப்பு-வெள்ளையில் எடுத்தால் மஞ்சளின் அளவு பதிவாகாது. பிறகு மங்கல் கூடுகிறதா என்று தெரியாமல் போகும்.

பிறகு பூச்சில்லாத பாலியெஸ்டர் உறையில், அமிலமற்ற பெட்டியில், படுக்கைவாட்டில் வையுங்கள். ஈரப்பதம் 30–50 சதவீதம் இருக்கட்டும். நிலவறையும் மாடிப்பரணும் வேண்டாம். சுவரில் மாட்ட ஆசையென்றால் ஸ்கேனின் அச்சை மாட்டுங்கள்.