பால்குடியை எப்போது மறக்கடிப்பது?

கேள்வி: என் மகனுக்கு ஐந்து மாதம் ஆகிறது. பிறந்ததிலிருந்து தாய்ப்பால் மட்டும்தான் கொடுக்கிறேன். அடுத்த மாதம் வேலைக்குத் திரும்ப வேண்டும். "என் பிள்ளைக்கு நாலு மாசத்திலேயே கூழ் கொடுத்தேன், அவன் நல்லாத்தானே இருக்கான்" என்கிறார் மாமியார். "ஒரு வயசுக்கு மேல் அது வெறும் தண்ணிதான், பல் முளைச்சதும் நிறுத்திடு" என்கிறார் நாத்தனார். டாக்டரோ இரண்டு வயது வரை கொடுக்கச் சொல்கிறார். என் தோழி ஆறு மாதத்தோடு நிறுத்திவிட்டாள். எனக்குப் பால் குறைந்துகொண்டே வருவது போல் இருக்கிறது, மார்பு முன்பு போல் கனப்பதில்லை. சில இரவுகளில் இதெல்லாம் எப்போது முடியும் என்று தோன்றுகிறது. அப்படி நினைப்பதே தப்போ என்று அழுகையும் வருகிறது. எத்தனை நாள் கொடுக்க வேண்டும், எப்போது நிறுத்தலாம்?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளைத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். எப்போது முடியும் என்று நினைப்பது தப்பே இல்லை. இந்த வயதுக் குழந்தை ஒரு நாளைக்குச் சராசரியாக 750 மில்லி பால் குடிக்கும். அதைச் சுரப்பதற்கு உங்கள் உடல் தினமும் சுமார் 500 கலோரி தனியாகச் செலவழிக்கிறது. அதுவும் தூக்கம் கெட்டு, முதுகு வலித்து, நடு இரவில் எழுந்து உட்கார்ந்து. ஐந்து மாதமாக ஒரு நாள் லீவு இல்லாமல் இதைச் செய்கிற யாருக்கும் அலுப்பு வரும். ஆனால் அழுகை இரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் தொடர்ந்தாலோ, எதிலும் மனம் ஒட்டாமல் போனாலோ டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். பிரசவத்துக்குப் பிறகு வரும் மனச்சோர்வைக் குணப்படுத்த முடியும். அதற்கான மருந்துகள் பலவற்றைப் பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடலாம்.

சரி, கேள்விக்கு வருகிறேன். முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும். அதன் பிறகு மற்ற உணவோடு சேர்த்து 2 வயது வரை, தாயும் பிள்ளையும் விரும்பினால் அதற்கு மேலும். உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் சொல்வது இதுதான். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் 2022-ல், 2 வயதும் அதற்கு மேலும் கொடுக்க விரும்பும் தாய்மார்களுக்குத் துணை நிற்க வேண்டும் என்று தன் பரிந்துரையை மாற்றிக்கொண்டது. உங்கள் டாக்டர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

மாமியார் சொல்வதையும் தள்ளிவிட வேண்டாம். அவர் பிள்ளை வளர்த்த காலத்தில் டாக்டர்களே "நாலு மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் வேறு உணவு தொடங்கலாம்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையும் அப்படியே இருந்தது. ஆய்வுகளையெல்லாம் திரும்ப எடுத்துப் பார்த்து, 6 மாதம் முழுக்கத் தாய்ப்பால் மட்டும் என்று மாற்றியது 2001-ல்தான். ஆகவே அவர் தனக்குச் சொல்லப்பட்டதை ஒழுங்காகச் செய்த அம்மா. இதை அவரிடமே சொல்லிப் பாருங்கள். "நீங்க செஞ்சது தப்பு" என்று ஆரம்பிக்கிற பேச்சைவிட, "உங்க காலத்துல அப்படிச் சொன்னாங்க, இப்போ மாத்திட்டாங்க" என்று ஆரம்பிக்கிற பேச்சு நல்லபடியாக முடிவதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

ஏன் மாற்றினார்கள்? நான்கு மாதத்தில் கூழோ தண்ணீரோ கொடுத்தால் அந்த அளவுக்குக் குழந்தை பால் குடிப்பது குறையும். பாலில் கிடைக்கிற நோய் எதிர்ப்புச் சக்தியும் அதோடு குறையும். கிண்ணம், கரண்டி, தண்ணீர் வழியாகக் கிருமி போக வழி பிறக்கும். 6 மாதம் தாய்ப்பால் மட்டுமே குடித்த குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு குறைவாக வந்தது. "மட்டும்" என்பதில் தண்ணீரும் அடக்கம். தாய்ப்பாலில் 100-க்கு 87 பங்கு தண்ணீர்தான் இருக்கிறது, வெயில் காலத்திலும் அது போதும். டாக்டர் எழுதிக்கொடுக்கும் சொட்டு மருந்துக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு.

அதே போல 6 மாதத்துக்குப் பிறகு வெறும் பாலோடு இருப்பதும் கூடாது. வயிற்றில் இருக்கும்போது குழந்தை சேர்த்து வைத்துக்கொண்ட இரும்புச்சத்து ஏறக்குறைய அந்தச் சமயத்தில் தீர்ந்துபோகிறது. தாய்ப்பாலில் இரும்புச்சத்து கொஞ்சம்தான். நீங்கள் சாப்பிடும்போது மகன் உங்கள் கையையும் வாயையும் மாறி மாறிப் பார்த்து, தானும் வாயை அசைப்பானே, இந்த மாதம் அதைக் கவனித்திருப்பீர்கள். அதைப் பார்த்துத்தான் வீட்டில் "பிள்ளை ஏங்குது" என்பார்கள். அது வேடிக்கை பார்க்கிற வயது. தலை நிற்க வேண்டும், பிடித்துக்கொண்டால் நிமிர்ந்து உட்கார வேண்டும், வாயில் வைத்ததை நாக்கால் வெளியே தள்ளாமல் விழுங்க வேண்டும். இவை மூன்றும் ஏறக்குறைய ஆறாம் மாதத்தில்தான் ஒன்றுசேரும். இன்னும் சில வாரம்தான் இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, பால் குறைகிறது என்ற பயம். தாய்ப்பால் பாதியில் நின்றுபோகப் பெரும்பாலும் இந்தப் பயம்தான் காரணமாக இருக்கிறது. எனக்கே நடந்திருக்கிறது. என் மூத்த மகள் பிறந்த இரண்டாம் நாளே, "அம்மாவுக்குப் பால் பத்தாது" என்று சொல்லி ஒரு டப்பா பாலைக் கையில் கொடுத்துவிட்டார்கள். நானும் நம்பினேன். டப்பா பால் குடித்த வயிறு என்னிடம் வரவில்லை. அவள் வராததால் பால் ஊறவில்லை. நான்காம் மாதத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. அவள் நன்றாக வளர்ந்தாள், அதையும் சொல்ல வேண்டும். ஆனால் யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கியிருந்தால் என்ற ஆதங்கம் எனக்கு இன்றுவரை உண்டு. அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதல் வாரங்களில் மார்பு கல் போல் கனப்பதற்குப் பால் மட்டும் காரணம் இல்லை, அங்கே கூடுதலாக ஓடும் ரத்தமும் கட்டிய நீரும் சேர்ந்தே அப்படி இருக்கும். இரண்டு மூன்று மாதத்தில் உடல் கணக்குப் பழகிக்கொள்கிறது. பிள்ளைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவே சுரக்கிறது. மார்பு இளகியிருப்பது அதற்கு அடையாளம். இருபது நிமிடம் குடித்த பிள்ளை இப்போது ஐந்தாறு நிமிடத்தில் முடித்துக்கொள்வதும் தேர்ச்சிதான். பால் போதுமா என்பதை மார்பை வைத்துப் பார்க்காதீர்கள், பிள்ளையை வைத்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது நன்றாகச் சிறுநீர் கழிக்கிறானா, எடை ஏறிக்கொண்டே இருக்கிறதா, விழித்திருக்கும்போது துறுதுறுவென்று இருக்கிறானா? இந்த மூன்றும் சரியென்றால் பால் போதும். சிறுநீர் குறைந்தாலோ எடை நின்றாலோ உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

பால் தேவைக்கேற்பத்தான் சுரக்கும். இறைத்த கிணறு ஊறும் என்பார்களே, அதேதான். மார்பில் பால் தேங்கி நின்றால் சுரப்பு தானாகக் குறையும், காலியானால் வேகம் எடுக்கும். குறைகிறது என்று நினைத்து ஒரு வேளை டப்பா பால் கொடுத்தால், அந்த வேளைக்குரிய சுரப்பு அடுத்த சில நாளில் நிஜமாகவே குறைந்துவிடும்.

நாத்தனார் சொன்ன "தண்ணி" விஷயத்துக்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு தாய், பீய்ச்சிய பாலை ஒரு சிறு பாட்டிலில் கொண்டுவந்து வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். "பாருங்க, நீலம் பாரிச்சு தண்ணி மாதிரி இருக்கு, இதையா பிள்ளைக்குக் கொடுக்கறது?" அவர் பிள்ளைக்கு ஒன்றேகால் வயது. பாட்டிலை அசைக்காமல் ஒரு ராத்திரி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுக் காலையில் பார்க்கச் சொன்னேன். மறுநாள் அவரே போன் செய்தார். மேலே ஒரு விரல் கனத்துக்கு மஞ்சள் கலந்த வெள்ளையில் ஆடை மிதந்திருக்கிறது, கீழே மட்டும்தான் நீர்த்த பால். முதலில் வரும் பால் நீர்த்திருக்கும், போகப்போகக் கொழுப்பு கூடும். அதன் இயல்பு அது. ஒரு வயது முடிந்த அன்று அதன் சத்து எங்கும் ஓடிவிடுவதில்லை. 6 மாதத்திலிருந்து 12 மாதம் வரை குழந்தைக்குத் தேவையான சக்தியில் பாதி, அல்லது அதற்கும் மேல், தாய்ப்பாலிலிருந்தே கிடைக்கும். இரண்டாம் வருடத்திலும் மூன்றில் ஒரு பங்கு கிடைக்கும். காய்ச்சலிலும் வயிற்றுப்போக்கிலும் எதைக் கொடுத்தாலும் வாயை இறுக மூடிக்கொள்கிற பிள்ளை, பாலை மட்டும் குடிக்கும். அந்த இரண்டு மூன்று நாளில் அது எவ்வளவு பெரிய துணை என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

உங்களுக்கும் இதில் பங்கு உண்டு. 30 நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2002-ல் வெளியிட்டபோது, பால் கொடுத்த ஒவ்வொரு 12 மாதத்துக்கும் மார்பகப் புற்றுநோய் வரும் அபாயம் 4.3 சதவீதம் குறைவது தெரிந்தது.

பல் முளைப்பதும் நிறுத்தக் காரணம் ஆகாது. சரியாகப் பிடித்துக் குடிக்கும்போது நாக்கு கீழ்ப் பல்லின் மேல் இருக்கும், அப்போது கடிக்க முடியாது. வயிறு நிறைந்து விளையாட்டு தோன்றும்போதுதான் கடிப்பான். உறிஞ்சும் தாளம் தளர்ந்ததும் வாயோரத்தில் சுண்டுவிரலை விட்டு எடுத்துவிடுங்கள். பல் வந்த பிறகு தினமும் துலக்கிவிடுங்கள், போதும்.

அப்படியானால் எப்போது நிறுத்துவது? 2 வயது வரை கொடுத்தே தீர வேண்டும் என்று உங்கள் தலையில் நான் ஒரு பாரத்தை ஏற்ற மாட்டேன். கொடுக்கிற ஒவ்வொரு மாதமும் பயன்தான். ஆறு மாதத்தோடு நிறுத்திய உங்கள் தோழியும் பிள்ளைக்கு நிறையக் கொடுத்திருக்கிறாள், அவளை யாரும் குறை சொல்ல வேண்டாம். என்றைக்கு நிறுத்த நினைத்தாலும் மெதுவாக நிறுத்துங்கள். பிள்ளை அதிகம் தேடாத வேளையை முதலில் விடுங்கள். நான்கைந்து நாள் போகட்டும், அப்புறம் அடுத்த வேளை. தூங்கும் முன் குடிக்கும் பால் கடைசியில் போகட்டும். ஒரே நாளில் நிறுத்தினால் பால் கட்டிக்கொண்டு, சிவந்து, காய்ச்சல் வரை போகலாம். மார்பில் கசப்பைத் தடவிப் பிள்ளையைப் பயமுறுத்துவதில் எனக்கு உடன்பாடே இல்லை. இதுவரை அவன் நம்பி ஓடி வந்த இடம் அது. ஒரு வயதுக்கு முன் நிறுத்துவதாக இருந்தால் அதற்குப் பதில் குழந்தைகளுக்கான பால் மாவுதான் வேண்டும், மாட்டுப்பாலை முக்கிய உணவாக்க ஒரு வயது முடியட்டும். சளி, காய்ச்சல் வந்தாலோ ஏதாவது மாத்திரை சாப்பிட நேர்ந்தாலோ நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பெரும்பாலான மருந்துகளோடு பால் கொடுக்கலாம், சிலவற்றோடு கூடாது, டாக்டரிடம் கேளுங்கள்.

இப்போதைக்கு நெருங்கி வருவது நீங்கள் வேலைக்குப் போகும் நாள். இந்த வாரமே கையால் பால் பீய்ச்சப் பழகுங்கள். காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் விளிம்பில் கட்டைவிரல் மேலேயும் மற்ற விரல்கள் கீழேயும் வைத்து, முதலில் நெஞ்சை நோக்கி உள்ளே அழுத்துங்கள், பிறகு விரல்களை ஒன்றையொன்று நோக்கி அமுக்கி விடுங்கள். தோலின் மேல் விரல் வழுக்கிப் போகக் கூடாது. முதல் ஒன்றிரண்டு நிமிடம் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். அங்கேதான் பலர் மனம் விட்டுவிடுகிறார்கள். அவன் போட்டோவைப் பாருங்கள், அவன் சட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சட்டென்று பால் இறங்கிப் பீய்ச்சி அடிக்க ஆரம்பிக்கும். வேலையிடத்தில் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை எடுத்துவிடுங்கள். அதற்கு ஒரு தனி அறையும் நேரமும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். இது சலுகை கேட்பதாக ஆகாது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2000-ஆம் ஆண்டு மகப்பேறு பாதுகாப்பு உடன்படிக்கை, பாலூட்டும் இடைவேளையைச் சம்பளத்தோடு கூடிய வேலை நேரமாகவே கருதுகிறது.

எடுத்த பாலைச் சுத்தமான மூடியுள்ள பாத்திரத்தில் வையுங்கள். 25 டிகிரிக்குள் இருக்கும் அறையில் 4 மணி நேரம் இருக்கும். வெப்பம் அதற்கு மேல் என்றால் ஃபிரிட்ஜ் அல்லது ஐஸ் வைத்த பை வேண்டும். ஃபிரிட்ஜில், கதவுப் பக்கம் வைக்காமல் உள்ளே தள்ளி வைத்தால், 4 நாள் வரை இருக்கும். கொடுக்கும்போது வெந்நீரில் பாத்திரத்தை நிறுத்திச் சூடாக்குங்கள். அடுப்பும் மைக்ரோவேவும் வேண்டாம். காலையில் கிளம்பும் முன் ஒரு முறை, திரும்பி வந்ததும் ஒரு முறை, இரவில் அவன் கேட்கும்போதெல்லாம் நேரடியாகக் கொடுங்கள். இரவில் பால் சுரக்கும் ஹார்மோன் அதிகம் என்பதால் பகலில் விட்டதை உடல் இரவில் ஈடுகட்டிக்கொள்ளும்.

நீங்கள் கொடுத்தால் அவன் கிண்ணத்தைத் தட்டிவிட்டு மார்பைத்தான் தேடுவான். அதனால் பீய்ச்சிய பாலைச் சின்னக் கிண்ணத்தில் ஊட்டும் வேலையை இந்த வாரமே மாமியாரிடம் கொடுங்கள். நீங்கள் அடுத்த அறைக்குப் போய்விடுங்கள். முதல் இரண்டு நாள் பாதி பால் சட்டையில் வழியும், பரவாயில்லை. பேரனுக்குத் தன் கையால் ஏதாவது ஊட்ட வேண்டும் என்றுதானே அவர் நான்கு மாதத்திலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆறு மாதம் முடிந்ததும், குழைய வேகவைத்து, கரண்டியைச் சாய்த்தாலும் வழியாத பதத்தில் மசித்த முதல் உணவையும் அவரே ஊட்டட்டும். உப்பு, சர்க்கரை சேர்க்க வேண்டாம், ஒரு வயது வரை தேன் கூடவே கூடாது என்பதை மட்டும் முன்னாலேயே சொல்லி வையுங்கள்.