எத்தனை நடை?

மதிப்பிற்குரிய ஐயா,

திருச்சியில் ஒரு கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பணிபுரிகிறேன். ஆங்கிலத்தில் வரும் சுற்றறிக்கைகளை உறுப்பினர்களுக்காகத் தமிழில் எழுதித் தருவதும் என் வேலைகளில் ஒன்று. சென்ற மாதம் வந்த சுற்றறிக்கையில், கடன் விண்ணப்ப நடைமுறை ‘ஸ்ட்ரீம்லைன்’ செய்யப்பட்டிருப்பதாக ஒரு வரி இருந்தது. மூன்று பிரிவுகளில் தனித்தனியாகக் கொடுத்துவந்த படிவங்களுக்குப் பதிலாக இனி ஒரே படிவத்தை ஒரே இடத்தில் கொடுக்கலாம் என்பதுதான் செய்தி. நான் ‘எளிமைப்படுத்தப்பட்டுள்ளது’ என்று எழுதினேன். மேலாளர் அதை ‘நெறிப்படுத்தப்பட்டுள்ளது’ என்று திருத்தினார். உடன் பணிபுரிபவரோ ‘சீரமைக்கப்பட்டுள்ளது’ என்பதே பொருத்தம் என்றார். அறிவிப்புப் பலகையில் அதைப் படித்த உறுப்பினர் ஒருவர், “அப்படியென்றால் நான் இப்போது என்ன கொண்டுவர வேண்டும்?” என்று கேட்டார். இவற்றுள் எது சரியான சொல் என்று விளக்க வேண்டுகிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள அம்மையீர்,

நீங்கள் குறிப்பிடும் ஆங்கிலச் சொல் ஓட்டத்தைப் பற்றியது. நீரோ காற்றோ சுழிக்காமல் சீராகச் செல்லும் ஓட்டத்தை நம் பள்ளி இயற்பியல் பாடநூல்கள் ‘வரிச்சீர் ஓட்டம்’ என்கின்றன. அந்த ஓட்டத்துக்குத் தடையாக இருப்பதை அகற்றுவது என்ற பொருளில்தான் அச்சொல் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தது. காவிரிக் கரையில் இருக்கும் உங்களுக்கு இதற்கு நிகரான செயலைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வாய்க்காலைத் தூர் வாருவதும் அதுவே. புதிதாக எதையும் கட்டாமல், படிந்துவிட்ட மண்ணையும் மண்டிவிட்ட ஆகாயத்தாமரையையும் எடுத்துவிட்டால் தண்ணீர் தானாகப் போகிறது. தூர் வாரிய பிறகு உழவர் கேட்பது, தண்ணீர் கடைமடைக்கு வந்ததா என்பதைத்தான்.

இனி உங்கள் அலுவலகத்தில் எழுந்த மூன்று சொற்களுக்கு வருகிறேன். சீரமைத்தல் என்பது குலைந்துபோன ஒன்றைப் பழைய நிலைக்கோ புதிய ஒழுங்குக்கோ கொண்டுவருவது. சாலையையும் ஏரியையும் சீரமைக்கிறோம். சீரமைத்த பின் ஒரு நடைமுறை முன்பைவிட நீளமாகவும் ஆகலாம், அதற்கு அந்தச் சொல் தடை சொல்லாது. நெறிப்படுத்துதலும் அப்படித்தான். நெறி என்றால் வழி. ஒன்றை உரிய வழியில் செலுத்துவதே நெறிப்படுத்துவது. சாலைச் சந்திப்பில் போக்குவரத்தை நெறிப்படுத்தும் காவலர் தேவையான பணியைச் செய்கிறார், ஆனால் அவர் கை காட்டும்வரை நாம் காத்திருக்கத்தான் வேண்டும். விண்ணப்பங்கள் எந்த மேசையிலிருந்து எந்த மேசைக்குப் போக வேண்டும் என்று வரையறுத்திருந்தால் உங்கள் மேலாளரின் சொல் மிகச் சரி. மூன்று படிவம் ஒன்றானதை அச்சொல் சொல்லவில்லை.

எஞ்சியிருப்பது நீங்கள் எழுதிய சொல். அது பிழையன்று, அரசு அறிவிப்புகளிலும் நாளிதழ்களிலும் வேரூன்றிவிட்ட சொல்தான். ஆயினும் எளிமை வேறு, எளிது வேறு என்பதை நான் விடாமல் சொல்லிவருகிறேன். எளிமை ஒருவருடைய அல்லது ஒன்றினுடைய பண்பு. காமராசரின் எளிமை என்கிறோம். எளிது என்பதோ செய்கிறவரைச் சார்ந்தது, ‘யாருக்கு’ என்ற கேள்வி அதற்குள்ளேயே இருக்கிறது. எனக்கு எளிதானது உங்களுக்கு அரிதாக இருக்கலாம். ஆகவே நடைமுறையைப் பற்றிப் பேசும்போது ‘எளிதாக்குதல்’ என்று எழுதுவதையே நான் விரும்புகிறேன். எளிமைப்படுத்துதல் என்பதற்கு இன்று இன்னொரு நிழலும் விழுந்திருக்கிறது. சிக்கலான ஒன்றை அதன் சிக்கல் தெரியாமல் பேசுகிறவரை ‘எளிமைப்படுத்திப் பேசுகிறார்’ என்று குறை சொல்கிறோம். இலங்கைத் தமிழர் ‘நடைமுறைகளை இலகுபடுத்தல்’ என்று எழுதுவது வழக்கம். சுமை குறைந்து லேசாவதைச் சொல்லும் அழகான வழக்கு அது.

ஆட்சிக்கும் எளிதுக்கும் உள்ள உறவு நமக்குப் பழையது. ‘காட்சிக்கு எளியன்’ என்று அரசனுக்கு இலக்கணம் சொல்கிறது குறள். அங்கே எளியன் என்பது அவனுடைய உடையையோ உணவையோ பற்றிய பேச்சன்று; குறை சொல்ல வருகிறவர் அவனை எளிதில் காண முடிகிறது என்பதுதான் பொருள். எளிது வருகிறவரின் பக்கத்திலிருந்து அளக்கப்பட்டிருக்கிறது.

பள்ளிக் கணக்கில் வரும் ‘சுருக்குக’ என்ற கட்டளையும் நினைவுக்கு வருகிறது. நீண்ட கோவையைச் சுருக்கும்போது உறுப்புகள் குறையும், மதிப்பு மாறக்கூடாது. மாறினால் அது தவறான விடை. நடைமுறையைச் சுருக்கும்போதும் விண்ணப்பதாரருக்கு உரியது குறையக்கூடாது. 1978இல் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்தை இதற்கு நல்ல சான்றாகக் கருதுகிறேன். அதற்கு முன் ணா, றா, னா ஆகியவை கால் இல்லாமல் சுழித்த தனி வடிவங்களாக இருந்தன. ணை, லை, ளை, னை ஆகியவற்றின் மேல் ‘யானைத் துதிக்கை’ போன்ற வளைவு ஏறியிருந்தது. பெரியார் 1930களிலேயே தம் இதழில் கையாண்ட மாற்றத்தை ஒட்டி, இத்தகைய 13 எழுத்துகள் பிற எழுத்துகளைப் போலவே காலும் இணைக்கொம்பும் பெற்றன. அச்சுக் கோப்பவருக்குத் தனி வார்ப்புகள் குறைந்தன, குழந்தைக்கு மனப்பாடம் செய்ய வேண்டிய விதிவிலக்குகள் குறைந்தன. ஒலி ஒன்றுகூடக் குறையவில்லை. சீர்திருத்தம் என்று பெயர் பெற்ற அந்தச் செயலுக்குள் இருந்தது முழுமையான எளிதாக்கம்.

பேச்சுவழக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் சரியான அளவுகோல் அங்கேதான் இருக்கிறது. என் தந்தை மறைந்தபின் அவர் பெயரிலிருந்த பட்டாவை மாற்றுவதற்காக என் தாயுடன் ஓர் அலுவலகத்துக்குச் சென்றுவந்தேன். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மூலப்பத்திரத்தின் நகல், வரி ரசீது எல்லாவற்றையும் மஞ்சள் பையில் வைத்து மடியில் அணைத்தபடி அவர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். எதிரே சுவரில், நடைமுறைகள் எளிமைப்படுத்தப்பட்டுள்ளன என்று நீல எழுத்தில் எழுதிய பலகை. நிலத்தைப் பிரிக்கவில்லை, உட்பிரிவு இல்லாத இனம், அளவருக்கும் வேலையில்லை. இருந்தும் ஒவ்வொரு முறையும், பலகையில் இல்லாத ஒரு தாள் கேட்கப்பட்டது. காரியம் முடிந்த அன்று வீட்டுக்கு வந்து பையை ஆணியில் மாட்டிவிட்டு அவர் சொன்னார்: “ஏழு நடைப்பா.”

‘நடை’ என்பது நம் மக்கள் வைத்திருக்கும் அலகு. ஒரு நடை போய் வா என்கிறோம், நடையாய் நடந்தேன் என்கிறோம், ஒரே நடையில் முடிந்தது என்று மகிழ்கிறோம். நடைமுறை என்ற சொல்லின் முதற்பாதியாகவே அது நிற்கிறது. ஒரு நடைமுறை எளிதாயிற்றா என்று அறிய நடையை எண்ணினால் போதும். சுளுவாக முடிந்தது, அலைச்சல் மிச்சம், இழுத்தடிக்கவில்லை என்று ஊரில் சொல்வதெல்லாம் இந்தக் கணக்கின் வெவ்வேறு சொற்கள்தாம்.

என் தாயின் எதிரே இருந்த பலகையில் ‘யாருக்கு’ என்பது இல்லை. ‘எளிமைப்படுத்தப்பட்டுள்ளது’ என்ற செயப்பாட்டு வினைக்குப் பின்னால் செய்தவரும் தெரியமாட்டார், பயன்பெறுபவரும் தெரியமாட்டார். அதனால் அலுவலகத்தின் வேலை விண்ணப்பதாரரின் தலைக்கு மாறியிருந்தாலும் அந்த வாக்கியம் உண்மைபோலவே நிற்கும். இணையத்தில் பதிவேற்ற வேண்டும் என்று ஆனபோது அலுவலகத்தில் கோப்பு குறைந்தது மெய். கைப்பேசியில் தாளைப் படம்பிடித்து அதன் அளவைக் குறைக்கத் தெரியாத முதியவர் கணினி மையத்தில் காசு கொடுத்துக் காத்திருப்பதும் மெய். இதற்கு மாறாக, 2024 ஜூலையில் தமிழக அரசு தொடங்கிய சுயசான்று முறையைப் பாருங்கள். 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்டுகிறவர், முன்கூட்டிய கள ஆய்வுக்குக் காத்திராமல், தாமே சான்றளித்து இணையவழியில் உடனடி அனுமதி பெறலாம். யாருக்கு, எவ்வளவு வரை, எந்தப் படி நீக்கப்பட்டது என்று சொல்ல முடிகிறது. இப்படிச் சொல்ல முடிகிறபோது ‘எளிதாக்குதல்’ என்ற சொல்லே தேவைப்படாமல் போகிறது.

உங்கள் சுற்றறிக்கைக்கும் இதையே பரிந்துரைக்கிறேன். தலைப்பில் ‘கடன் விண்ணப்பம் எளிதாக்கப்பட்டது’ என்று இருக்கட்டும். அதன் கீழே, “கடன் கேட்கும் உறுப்பினர்கள் இனி மூன்று பிரிவுகளுக்குச் செல்ல வேண்டாம். ஒரே படிவத்தை நிரப்பி ஒரே இடத்தில் கொடுத்தால் போதும்” என்று எழுதி, உடன் கொண்டுவர வேண்டிய தாள்களின் பெயர்களை ஒன்றுவிடாமல் சேர்த்துவிடுங்கள். ஒட்டுவதற்கு முன், பலகையின் முன்னால் நின்று உங்களிடம் கேள்வி கேட்ட அந்த உறுப்பினரிடமே அதை ஒருமுறை படித்துக் காட்டுங்கள். அவர் இன்னும் ஏதாவது கேட்டால் அந்த விடையையும் வாக்கியமாக்கிச் சேர்க்க வேண்டும்.

அன்புடன்.