வாசகர் கேள்வி: யோசனையைத் துரையிடம் சொல்வதற்கு முன்

கேள்வி: ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியனாக இருக்கிறேன். காற்றின் ஈரத்தைப் பார்த்து, கொழுந்து வாட்டும் தொட்டியின் விசிறியையும் சூட்டையும் தானாகவே கூட்டிக் குறைக்கும் கருவி ஒன்றை வீட்டில் என் செலவில் செய்திருக்கிறேன். துரையிடம், அதாவது தோட்ட மனேஜரிடம், காட்ட ஆசை. ஆனால் கம்பனி அதைத் தன் பெயரில் எடுத்துக்கொள்ளுமோ என்று பயமாக இருக்கிறது. எப்படிப் பேசுவது?

பதில்: கருவியை எடுப்பதற்கு முன் நியமனக் கடிதத்தை எடுங்கள். பெரும்பாலும் அது ஆங்கிலத்தில்தான் இருக்கும். தெரிந்த ஒருவரிடம் கொடுத்து, கண்டுபிடிப்பு, இரகசியம் ஆகியவை பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறது என்று வரிவரியாகக் கேளுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 69ஆம் பிரிவு பேசும்.

அந்தப் பிரிவின்படி, வேலையின் பகுதியாகவே கண்டுபிடித்தது முதலாளிக்குப் போகும். கண்டுபிடிப்பது உங்கள் வேலையில்லை என்றாலும், முதலாளியின் தொழில் சார்ந்த ஒன்றை வேலையால் கிடைத்த தகவலையோ வசதியையோ வைத்துச் செய்திருந்தால் உரிமை முதலாளிக்குத்தான். ஆனால் உங்களுக்கு நியாயமான ஊதியம் தர வேண்டும். தொகையில் உடன்பாடு வராவிட்டால் நீதிமன்றம் தீர்மானிக்கும். உங்கள் விஷயம் இந்த இரண்டாவது வகைக்குள் விழ நிறைய இடமிருக்கிறது. பாகங்களை உங்கள் காசில் வாங்கியிருக்கலாம். ஆனால் தொழிற்சாலையின் வெப்பநிலைப் பதிவேட்டைப் பார்த்துக் கருவியைச் சரிசெய்திருந்தால் அது வேலையால் கிடைத்த தகவல். ஆகவே முழு உரிமைக்காகப் போராடுவதைவிட, நியாயமான பங்கை எழுத்தில் வாங்குவதே உங்களுக்கு எட்டக்கூடிய இலக்கு என்பது எங்கள் கருத்து.

அனுமதியில்லாமல் இரவு ஷிப்டில் ஒரு தொட்டியில் மாட்டிப் பார்க்க வேண்டாம். தோட்டத்துக் கொழுந்து, தோட்டத்து மின்சாரம், தோட்டத்து நேரம் மூன்றும் சேர்ந்து கம்பனியின் பக்கத்தைப் பலப்படுத்தும். கொழுந்து பழுதானால் ஒழுக்காற்று விசாரணையும் வரும்.

பேசுவதற்கு முன் ஆதாரத்தைச் சேருங்கள். பக்க இலக்கமிட்ட கொப்பியில் சுற்றுப்படம், சோதித்த திகதி, தோற்ற முயற்சிகள் எல்லாவற்றையும் பேனாவால் எழுதி, பக்கத்துக்குப் பக்கம் கையொப்பமிடுங்கள். உதிரிப்பாக ரசீதுகளை ஒட்டி வையுங்கள். சமாதான நீதவான் முன் ஒரு சத்தியக் கடதாசி முடித்து வைப்பதும் நல்லது. வரைபடத்தைத் தனக்கே பதிவுத்தபாலில் அனுப்பி உறையை உடைக்காமல் வைத்தால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். அதனால் எந்த உரிமையும் வராது. இருவர் தனித்தனியாக ஒன்றையே கண்டுபிடித்திருந்தால், கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் பேட்டன்டுக்கு (கண்டுபிடிப்புக்கான பதிவுரிமைக்கு) முதலில் விண்ணப்பித்தவருக்கே உரிமை.

முதல் சந்திப்பில் கருவி என்ன செய்யும் என்பதை மட்டும் சொல்லுங்கள். எப்படிச் செய்கிறது என்பதைச் சொல்ல வேண்டாம். தொழிற்சாலைப் பொறுப்பாளரான டீமேக்கரைத் தாண்டி நேரே துரையிடம் போகவும் வேண்டாம். நாளை பரீட்சார்த்தத்துக்குத் தொட்டியைத் தரப்போகிறவர் அவர்தான். “ஒரு தொட்டியில் இரண்டு கிழமை ஓட்டிப் பார்க்கலாம். பக்கத்துத் தொட்டியில் அதே நாள் கொழுந்தை வழக்கம்போல் வாட்டலாம். இரண்டுக்கும் தனித்தனி மின்மானி போட்டு, வாட்டுவதற்கு முன்னும் பின்னும் நிறுத்துப் பார்க்கலாம்” என்று கேளுங்கள். சேமிப்பை அலகுக் கணக்கில் காட்டினால்தான் தலைமை அலுவலகம் காது கொடுக்கும்.

விவரம் சொல்வதற்கு முன் ஒரு பக்கக் கடிதத்தில் இரு தரப்பும் கையொப்பமிட வேண்டும். சொல்லப்படுவது இரகசியம், அது பரிசீலனைக்கு மட்டுமே, எழுத்து உடன்பாடு இல்லாமல் பயன்படுத்தக் கூடாது, 60 நாட்களுக்குள் பதில் தர வேண்டும் என்பவை அதில் இருந்தால் போதும். கையொப்பமிட மறுத்தால் விவரத்தைச் சொல்லாமல் திரும்பி வாருங்கள்.

பரீட்சார்த்தம் பெரும்பாலும் கெட்டுப்போவது காற்றின் ஈரத்தை அளக்க உதவும், நனைந்த திரி சுற்றிய ஈரக்குமிழ் வெப்பமானியால்தான். அதன் திரி காய்ந்தாலோ தூசு படிந்தாலோ ஈரக்குமிழ் அளவு உயர்ந்து, திரியில்லாத உலர்குமிழ் வெப்பமானியுடன் உள்ள வித்தியாசம் சுருங்கும். காற்று ஈரமாக இருப்பதாக நினைத்துக் கருவி சூட்டைக் கூட்டும், கொழுந்து அளவுக்கு மீறிக் காயும். தினமும் திரியைப் பார்ப்பவர் யார் என்பதையும் அந்தக் கடிதத்தில் எழுதுங்கள். காலநிலை நல்ல நாட்களில் மட்டும் சோதிக்காதீர்கள். மூடுபனி நாட்களில் தாங்குமா என்பதுதான் துரை கேட்கப்போகும் முதல் கேள்வி.

உடன்பாட்டுக்கு வரும்போது ஒரே தடவையில் தரும் தொகையைவிட, அளந்து பார்த்த சேமிப்பில் குறித்த வருடங்களுக்குப் பங்கு கேட்பது நல்லது. கம்பனிக்குப் பல தொழிற்சாலைகள் இருக்கும். பங்கு இந்த ஒன்றுக்கா, எல்லாவற்றுக்குமா என்பதைத் தெளிவாக எழுதுங்கள். நீங்கள் இடம் மாறினாலும் விலகினாலும் பணம் தொடர வேண்டும். ஆறு மாதத்துக்குள் கம்பனி பேட்டன்டுக்கு விண்ணப்பிக்காவிட்டால் உரிமை உங்களுக்குத் திரும்ப வேண்டும். பேட்டன்ட் கம்பனியின் பெயரில் போனாலும் கண்டுபிடித்தவர் என்று உங்கள் பெயரைக் குறிப்பிடும்படி கேளுங்கள். சட்டம் அதற்கு இடம் தருகிறது. சட்டத்தரணிக்குக் கட்டணம் கட்ட வசதியில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்தில் விசாரியுங்கள்.

கேள்வி: நுவரெலியாவில் தேயிலை விற்பனை நிலையத்தில் வேலை. ஏலம், சுக்கு சேர்த்த ஒரு கலவைத் தேயிலையும் அதற்கு ஒரு பெயரும் யோசித்திருக்கிறேன். முதலாளியிடம் சொல்லலாமா?

பதில்: சொல்லலாம், ஆனால் பெயரையும் அளவையும் பிறகு. இப்படியான கலவைக்குப் பேட்டன்ட் கிடைப்பது கடினம். விகிதம் வெளியே தெரியாமல் இருப்பதுதான் அதன் பாதுகாப்பு. எனவே பொடியைக் கொடுக்காமல், ஊற்றிய தேத்தண்ணீரைக் குடிக்கக் கொடுங்கள். நல்ல பெயரென்றால் அதை வர்த்தகக் குறியாக முதலில் பதிவு செய்பவருக்கே பலம் அதிகம். பதிவு 10 வருடங்களுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம்.

கேள்வி: பண்டாரவளையில் நடந்த கண்காட்சி ஒன்றில் என் கருவியைக் காட்டிவிட்டேன். இனிப் பேட்டன்ட் எடுக்க முடியாதா?

பதில்: நீங்களே காட்டியதென்றால், காட்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் இலங்கையில் விண்ணப்பிக்கலாம். ஐரோப்பாவில் இந்தச் சலுகை இல்லை. அங்கே விற்கும் எண்ணம் இருந்திருந்தால் அந்த வாய்ப்பு அநேகமாகப் போய்விட்டது. இங்குள்ள விண்ணப்பத்தை இந்த மாதமே கொடுங்கள். அதுவரை பேஸ்புக்கில் வீடியோ எதுவும் போட வேண்டாம்.