மன்னார்குடி ரைஸ் மில்: செப்டம்பர் 8 வேளாங்கண்ணி லீவுக்குச் சம்பளப் பிடித்தம்

வேளாங்கண்ணி மாதா திருவிழாவுக்கு லீவு போட்டதற்கு மில்லில் சம்பளம் பிடித்துவிட்டார்கள், அரசியல் சட்டத்தை வைத்துக் கேட்கலாமா என்கிறீர்கள். வேலையில் மதத்தின் பேரில் பாகுபாடு கூடாது என்கிற அரசியல் சட்டம் 16(2)ஐ வைத்து மில்காரரைக் கேட்க முடியாது. அது அரசு வேலைக்கு மட்டும்தான். உங்களுக்குப் பிடி 1958ஆம் வருட தமிழ்நாடு தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போக, 5 பண்டிகை நாள் சம்பளத்தோடு விட்டாகணும்.

அந்த 5 நாளில் செப்டம்பர் 8 இல்லாததுதான் சிக்கலாக இருக்கும். பெரும்பாலும் பொங்கல், ஆயுதபூஜை, தீபாவளி என்றே பட்டியல் நிரம்பிவிடும்; கேட்க ஆள் இல்லாவிட்டால் கிறிஸ்துமஸே விடுபடும்.

மில்லில் இந்த வருடப் பட்டியலை வாங்கிப் பாருங்கள். தேதி இருந்தால் பிடித்தது தவறு, திரும்பக் கேட்கலாம். அன்றைக்கு வேலை வாங்கியிருந்தால் இரட்டைச் சம்பளம், இல்லை சம்பளமும் மாற்று விடுமுறையும். எது என்பது உங்கள் விருப்பம். தேதி இல்லையென்றால், அடுத்த வருடப் பட்டியல் போடும் முன்பே நாலைந்து பேர் கையெழுத்தோடு முதலாளிக்கு எழுதி, நகலை இந்தச் சட்டப்படியான அரசு ஆய்வாளருக்கு அனுப்புங்கள். முதலாளியையும் தொழிலாளர்களையும் கலந்துதான் ஆய்வாளர் அந்தப் பண்டிகை நாட்களை முடிவு செய்யணும். வாய்ச்சொல் நிற்காது.

ஒன்று: கலெக்டர் உள்ளூர் விடுமுறை விட்டார் என்று வாதாடாதீர்கள். அது அரசு அலுவலகம், பள்ளிக்கூடத்துக்கு. பாங்கே அன்றைக்குத் திறந்திருக்கும்.