காசு கொடுத்து லயத்தில் தங்குவதா?

கேள்வி: நாங்கள் மலேசியாவில் சுங்கை சிப்புட். மகள் இங்கிலாந்தில் நியூகாசலில் வேலை செய்கிறாள். அங்கே பக்கத்தில் பீமிஷ் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் பழங்காலப் பாணி வீடுகளில் இரவு தங்கலாமாம். 74 வயது அம்மாவையும் கூட்டிப்போக ஆசை. அவரோ, "தோட்டத்து லயத்துல, அந்த வரிசை வீட்டுல பட்டது போதாதா, காசு கொடுத்து வேற படணுமா?" என்கிறார். கழிவறை வெளியே இருக்குமா? சமைக்க முடியுமா?

பதில்: அம்மா பயப்பட வேண்டாம். பார்வைக்கு வைத்திருக்கும் வீடு வேறு, தங்கக் கொடுக்கும் வீடு வேறு. முதல் வகையில் யாரும் படுப்பதில்லை. இரண்டாவதில் கதவும் கட்டிலும்தான் பழைய பாணி. குளியலறை, சுடுநீர், ஹீட்டர் எல்லாம் உள்ளேயே உண்டு.

நான் பார்க்கச் சொல்வது மாடிப்படியை. இம்மாதிரி வீடுகளில் படி குறுகலாகவும் செங்குத்தாகவும் அமைந்துவிடும். பணம் கட்டுமுன் படுக்கையறையும் கழிவறையும் கீழ்த்தளத்திலேயே உள்ளனவா என்று எழுதிக் கேளுங்கள், படம் அனுப்பச் சொல்லுங்கள். நுழைவுச்சீட்டு வாடகையில் சேர்த்தியா, மூடிய பிறகு எதுவரை நடக்கலாம் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

சமைக்கலாம், ஆனால் தாளிப்பில் கவனம். இப்படியொரு வீட்டில் நான் காய்ந்த மிளகாயை எண்ணெயில் போட்டதுதான் தாமதம், புகை அலாரம் ஊரையே கூட்டிவிட்டது. சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு தாளியுங்கள். இறைச்சி, பால் பொருள்களை இங்கிருந்து கொண்டுபோகத் தடை என்பதால் கோழி செருண்டிங் (உலர வறுத்த இறைச்சித் துருவல்) பெட்டியில் வேண்டாம். சாம்பார்ப் பொடி போதும்.

டிசம்பரில் மாலை நாலு மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். ஜூனில் ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருக்கும். அம்மாவோடு போவதானால் ஜூன்தான். மலேசியக் கடவுச்சீட்டுக்கு விசா தேவையில்லை, ஆனால் ஈடிஏ என்ற மின்னணு அனுமதியை முன்கூட்டியே வாங்க வேண்டும்.

இடம் பெரியது, ஏறத்தாழ 350 ஏக்கர். உள்ளே ஓடும் பழைய டிராமிலும் பஸ்ஸிலும் அம்மாவை ஏற்றிவிடுங்கள். தங்குவதன் லாபமே அவசரமில்லாததுதான்: முதல் நாள் கடைத்தெரு, மறுநாள் காலை பசியாறியதும் சுரங்கக் கிராமம்.

அங்கே பிரான்சிஸ் தெரு என்று ஒரு வரிசை வீடு இருக்கிறது. 1860-களில் ஹெட்டன்-லி-ஹோல் என்ற ஊரில் நிலக்கரிக் கம்பெனி தன் தொழிலாளிகளுக்குக் கட்டியவை. பிரித்துக் கொண்டுவந்து இங்கே மறுபடி எழுப்பினார்கள். வேலை இருக்கும்வரை வீடு, வேலை போனால் வீடும் போச்சு. பக்கத்துச் சுவர் பொது, கழிவறை கொல்லையில். நம் லயம்தான், கூரைக்கு மேலே புகைபோக்கி மட்டும் கூடுதல். பழைய உடையில் அடுப்பெரித்துக்கொண்டு ஊழியர்கள் பேச்சுக் கொடுப்பார்கள். அம்மா தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தையும் ரப்பர்ப் பால்வாளியையும் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் மகளை மொழிபெயர்க்க விடுங்கள்.