என் படத்தில் என் ஆசிரியர்தான் தெரிகிறார்!

கேள்வி: எனக்கு வயது 38. அலுவலக வேலை. சின்ன வயதிலிருந்தே வரைவேன், முறையாகக் கற்றதில்லை. எட்டு மாதங்களுக்கு முன் ஓர் ஓவியரின் வழிகாட்டலில் நடக்கும் நீர்வண்ணப் பயிற்சியில் சேர்ந்தேன். வாரம் ஒருமுறை வீடியோ அழைப்பில் என் படத்தைப் பார்த்துத் திருத்தம் சொல்வார். சார் நிலக்காட்சி ஓவியர். மலை, மேகம், தண்ணீர் எல்லாம் அவரிடம்தான் கற்றேன். இப்போது என் படங்களைப் பார்ப்பவர்கள் 'அப்படியே உங்க சார் வரைஞ்ச மாதிரி இருக்கு' என்கிறார்கள். முதலில் பெருமையாக இருந்தது, இப்போது உறுத்துகிறது. கடைசிப் பகுதியில் 'உங்கள் சொந்தக் குரலில்' பத்துப் படங்கள் கொண்ட தொடர் ஒன்று செய்ய வேண்டும். தாளை எடுத்து வைத்தால் கை ஓடமாட்டேன் என்கிறது. பயிற்சிக்கு வெளியே சும்மா கிறுக்கும்போது கொடியில் தொங்கும் துணி, நாற்காலியில் போட்ட சட்டை என்று ஏதாவது வரைவேன். அதெல்லாம் கணக்கில் சேராது. எனக்கென்று ஒரு பாணியே இல்லையோ? பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டுத் தனியாக முயலலாமா? அடுத்த நிலைப் பயிற்சிக்கும் இப்போதே பெயர் கொடுக்கச் சொல்கிறார்கள்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

'உங்க சார் வரைஞ்ச மாதிரி இருக்கு' என்பதைக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொண்டு கலங்கியிருக்கிறீர்கள். எனக்கு அது அப்படிப் படவில்லை. ஒருவர் ஈரத் தாளைக் கையாளும் விதம், நிழலுக்கு எடுக்கும் நிறம், எந்த இடத்தில் தூரிகையைத் தூக்கிவிட வேண்டும் என்ற கணக்கு, இத்தனையையும் பார்ப்பவர் அடையாளம் காணும் அளவுக்கு எட்டே மாதத்தில் உள்வாங்கியிருக்கிறீர்கள். கண்ணும் கையும் சேர்ந்து உழைக்காமல் இது வராது. பாட்டு கற்பவர்கள் முதல் சில வருடங்கள் குரு மூச்சு எடுக்கும் இடத்தில்கூட அவரைப் போலவே மூச்சு எடுப்பார்கள். அதற்காக அவர்களுக்குத் தொண்டை இல்லை என்று யாரும் சொல்வதில்லை.

பிரெஞ்சு ஓவியர் செசான் 1872-இல், முப்பது வயதைத் தாண்டிய பிறகு, தன்னைவிட மூத்த ஓவியரான பிஸாரோவின் நிலக்காட்சி ஒன்றைக் கடன் வாங்கி அப்படியே பிரதி எடுத்தார். அதற்கு முன் அவர் தடித்த, இருண்ட படங்களை வரைந்துகொண்டிருந்தவர். பிஸாரோவின் பக்கத்தில் நின்று வேலை செய்தபோதுதான் அவருடைய வண்ணத்தட்டு வெளுத்தது. நவீன ஓவியத்தின் தந்தை என்று உலகம் கொண்டாடும் அந்த மனிதர், வாழ்நாளின் கடைசி ஆண்டுகளில்கூடக் கண்காட்சிப் பட்டியலில் தன் பெயருக்குப் பக்கத்தில் 'பிஸாரோவின் மாணவர்' என்று போட்டுக்கொண்டார். வெட்கப்படவில்லை. வெட்கப்படத் தேவையும் இல்லை, அந்த வயதில் யாரும் இருவரையும் குழப்பிக்கொள்ள வாய்ப்பே இல்லையே!

சரி, ஆனாலும் உறுத்துகிறது என்கிறீர்கள். அதையும் நான் தட்டிக்கழிக்க மாட்டேன். உறுத்தல் நல்ல நேரத்தில்தான் வந்திருக்கிறது. முதல் மாதத்திலேயே வந்திருந்தால் நீங்கள் எதையும் கற்றிருக்க மாட்டீர்கள்.

1915-இல் அமெரிக்க ஓவியர் ஜார்ஜியா ஓ'கீஃப் தென் கரோலினாவில் ஒரு கல்லூரியில் ஓவியம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். ஒருநாள் அதுவரை வரைந்ததை எல்லாம் தன் அறையில் எடுத்து வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். இது இந்த ஆசிரியரைப் போல, அது அந்த ஓவியரைப் போல என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சொந்தக்காரர் இருந்தார். தனக்கென்று ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் மூட்டை கட்டி வைத்துவிட்டு, நிறத்தையே விலக்கி, கரியும் தாளுமாக முதலிலிருந்து தொடங்கினார். அந்தக் கரிப்படங்களைத்தான் அவருடைய தோழி 1916 புத்தாண்டு நாளில் நியூயார்க்கில் கலைக்கூடம் நடத்திய புகைப்படக் கலைஞர் ஸ்டீக்லிட்ஸிடம் கொண்டுபோய்க் காட்டினார். மற்றது வரலாறு. இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு: ஓ'கீஃப் ஆசிரியர்களின் சாயலைத்தான் விட்டார், பாடத்தை விடவில்லை. தாளின் பரப்பை எப்படி அழகாகப் பங்கிட்டு நிரப்புவது என்று அவருடைய ஆசிரியர்களில் ஒருவரான ஆர்தர் வெஸ்லி டோ கற்றுக்கொடுத்தது அந்தக் கரிப்படங்களிலும் இருக்கிறது, பின்னால் வரைந்த பெரிய பூக்களிலும் இருக்கிறது.

அந்தப் பிரிப்பு வேலையைத்தான் நீங்களும் செய்ய வேண்டும். எட்டு மாதப் படங்களையும் தரையில் பரப்புங்கள். முடித்தவை மட்டும் போதாது. பாதியில் விட்டது, நிறம் சோதித்துப் பார்த்த துண்டுத் தாள், தாளின் பின்பக்கக் கிறுக்கல், எல்லாம் வெளியே வரட்டும். நீங்கள் 'கணக்கில் சேராது' என்று தள்ளிவைத்த துணிப் படங்கள் முக்கியமாக வர வேண்டும்.

உண்மையைச் சொன்னால், உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த வரிதான். ஏன் கணக்கில் சேராது? யார் கணக்கில்? யாரும் சொல்லாமல், மதிப்பெண் இல்லாமல், யாருக்கும் காட்டும் எண்ணமும் இல்லாமல் உங்கள் கை திரும்பத் திரும்பத் துணியிடம் போகிறது. பாணி எங்கே என்று தேடிக்கொண்டிருக்கும்போது, இதைக் கடிதத்தின் ஓரத்தில் போகிற போக்கில் எழுதிவிட்டுக் கடந்துபோகிறீர்கள். நீங்களாகவே விரும்பித் தேர்ந்தெடுத்தது இந்தக் கடிதத்தில் வேறு என்ன இருக்கிறது? எனக்கு எதுவும் தென்படவில்லை.

பத்துப் படத் தொடரைத் துணியிலேயே செய்யுங்கள். இதில் ஒரு வசதியும் இருக்கிறது. சார் கற்றுக்கொடுத்ததில் எது தொழில்நுட்பம், எது அவருடைய ரசனை என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம், துணியே பிரித்துக் கொடுத்துவிடும். மேகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேல் ஓரம் உலர்ந்த தாளில் வெட்டினாற்போல் நிற்கும், அடிப்பக்கம் ஈரத்தில் கரைந்து போகும். அதை அவரிடம் கற்றிருப்பீர்கள். இப்போது நாற்காலியில் போட்ட சட்டையின் ஒரு மடிப்பைப் பாருங்கள். அங்கேயும் ஒரு பக்கம் கூர்மையான ஓரம், மறுபக்கம் மெல்ல மெல்ல வெளிச்சத்துக்குள் மறைகிற ஓரம். அதே ஈரம், அதே கைவேகம் இங்கேயும் உதவும். அது பாடம், உங்களுடையதாகிவிட்டது, யாரும் திருப்பிக் கேட்க முடியாது.

நிழலுக்கு வாருங்கள். நிலக்காட்சிக்காரர்கள் பலரைப் போல உங்கள் சாரும் தூரத்து மலைக்கு நீலம் கலந்த ஊதாவைத்தான் எடுப்பவராக இருக்கலாம். இடையில் இருக்கும் காற்று தூரத்துப் பொருள்களை நீலமாகக் காட்டுகிறது, எனவே மலைக்கு அது பொருந்தும். கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கும் வெள்ளைத் துணியின் நிழலில் அந்தக் காற்றுக்கு வேலையே இல்லை. பக்கத்துச் சுவர் மஞ்சளாக இருந்தால் மஞ்சள் ஏறியிருக்கும், கீழே சிவப்புத் தரை இருந்தால் மடிப்பின் அடியில் ஒரு சிவப்பு எட்டிப் பார்க்கும். பழக்கத்தில் உங்கள் கை ஊதாவைத் தொடப் போகும். அந்த நொடியில் நிறுத்தி, துணியை இன்னொரு தடவை பாருங்கள். கண் சொல்வதும் கை செய்யப் போவதும் எங்கே முட்டிக்கொள்கின்றனவோ அங்கேதான் அவருடைய ரசனை முடிந்து உங்களுடையது தொடங்குகிறது. பார்த்த பிறகும் ஊதாதான் வேண்டும் என்று தோன்றினால் போடுங்கள், அப்போது அது கடன் அல்ல.

விதிகள் விஷயத்திலும் கொஞ்சம் சந்தேகத்தோடு இருங்கள். 'நீர்வண்ணத்தில் கறுப்பு தொடாதே, வெள்ளை தொடாதே, தாளின் வெண்மைதான் வெளிச்சம்' என்பது பல வகுப்புகளில் சட்டம் போலச் சொல்லப்படும். தொடக்கத்தில் அது நல்ல பயிற்சிதான். ஆனால் ஆங்கிலேய நீர்வண்ண மேதை டர்னர் காய்ந்த வண்ணத்தைச் சுரண்டி வெளிச்சத்தை வெளியே எடுத்தவர். அமெரிக்க ஓவியர் சார்ஜென்ட் தேவைப்பட்ட இடத்தில் ஒளிபுகா வெள்ளையைத் தயங்காமல் அப்பினார். உங்கள் தாளில் அதெல்லாம் தேவையா என்பதை உங்கள் துணி முடிவு செய்யட்டும்.

கை ஓடாததற்குக் காரணம் உங்களிடம் ஒன்றும் இல்லாதது அல்ல, கேள்வி அவ்வளவு பெரியது. 'உன் குரலை வரை' என்று சொன்னால் யாருக்கும் கை ஓடாது. அதனால் கேள்வியைச் சின்னதாக்குங்கள். ஒரே அளவுத் தாள், உள்ளங்கையை விடச் சற்றுப் பெரிதாக இருந்தால் போதும். ஒரே தூரிகை. அல்ட்ராமரின் நீலம், பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு, ஒரு மஞ்சள் என்று மூன்றே நிறங்கள். முதல் இரண்டைக் கலந்தாலே கதகதப்பான சாம்பலிலிருந்து குளிர்ந்த சாம்பல் வரை, கறுப்புக்குப் பக்கத்தில் போகிற இருட்டு வரை கிடைக்கும், துணிக்கு அது தாராளம். பத்துப் படம் கேட்டிருக்கிறார்கள் என்று பத்தோடு நிறுத்தாதீர்கள், முப்பது போடுங்கள். முப்பது போட வேண்டும் என்றால் ஒன்றைக் கட்டிக்கொண்டு அழ நேரம் இருக்காது. பத்தாவதற்கு மேல் சார் கற்றுத்தந்த தீர்வுகள் எல்லாம் தீர்ந்துவிடும், அலுப்பும் தட்டும். அங்கே நிறுத்திவிடாதீர்கள், அந்த அலுப்புக்கு அப்புறம்தான் நீங்களே ஏதாவது கண்டுபிடித்தாக வேண்டிய கட்டாயம் வரும். அந்த வாரங்களில் மட்டும் சாருடைய படங்களையும், கைப்பேசியில் வந்து விழும் மற்றவர்கள் படங்களையும் பார்க்காமல் இருங்கள்.

துணி எல்லாம் ஒரு கருப்பொருளா என்று தோன்றலாம். இத்தாலிய ஓவியர் ஜார்ஜியோ மொராண்டி 1964-இல் இறக்கும்வரை, பல பத்தாண்டுகள், போலோன்யாவில் தன் படுக்கையறையிலேயே வேலை செய்துகொண்டு, பெரும்பாலும் அதே சில குப்பிகளையும் ஜாடிகளையும் இடம் மாற்றி மாற்றி வைத்து வரைந்தார். குப்பி எல்லார் வீட்டிலும் இருக்கிறது. அவர் வைத்த இடைவெளி வேறு யாரிடமும் இல்லை.

இடையில் ஒன்று. இணையத்தில் ஒரு படத்தைப் பார்த்ததுமே இது இன்னாருடையது என்று சொல்லிவிடும்படி, ஒரே நிறக் கலவை, ஒரே கண், ஒரே மூக்கு என்று வைத்துக்கொண்டு அதைப் பாணி என்கிறார்கள். அது முத்திரை. வியாபாரத்துக்கு உதவும், குறை சொல்லவில்லை. ஆனால் அதை இப்போதே தேடிப் போனால் 45 வயதிலும் அதே மூக்கைத்தான் வரைந்துகொண்டிருப்பீர்கள்.

இனி உங்கள் சார். பயிற்சியைப் பாதியில் விட வேண்டாம். முன்னைவிட இப்போதுதான் அவர் உங்களுக்கு அதிகம் பயன்படுவார், நீங்கள் கேட்கும் கேள்வியை மாற்றினால். 'சார், நல்லா இருக்கா?' என்று கேட்டால் அவர் தன் அளவுகோலை எடுத்துத்தான் அளப்பார், வேறு எதை எடுப்பார்? அதற்குப் பதிலாக, 'இதில் நான் தெரிந்தே செய்தது என்று உங்களுக்கு எது படுகிறது? கைதவறி விழுந்தது என்று எது படுகிறது?' என்று கேளுங்கள். பதில் சில சமயம் தூக்கிவாரிப் போடும். நீங்கள் தவறு என்று மறைக்க நினைத்த இடத்தை அவர் வேண்டுமென்றே செய்தது என்று படித்திருப்பார். அந்த இடத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். முப்பது படங்களையும் தேர்ந்தெடுக்காமல் காட்டி, 'இவற்றில் உங்கள் கை எங்கே தெரிகிறது, எங்கே தெரியவில்லை?' என்றும் கேட்கலாம். தன் கையைத் தானே அடையாளம் காட்ட அவரைவிடத் தகுதியானவர் யார்? இன்னொன்று, உங்கள் படத்தின் மேலேயே கோடு போட்டுத் திருத்திக் காட்டும் பழக்கம் அவருக்கு இருந்தால், இந்தத் தொடருக்கு மட்டும் 'வாயால் சொல்லுங்கள் சார், நான் போட்டுப் பார்க்கிறேன்' என்று பணிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். கோடு கண்ணில் பட்டுவிட்டால் கை அதைத் தொடர்ந்து போகும்.

அடுத்த நிலைக்குப் பணம் கட்டலாமா என்ற கேள்விக்கு என்னிடம் ஒரு எளிய சோதனை இருக்கிறது. அவருடைய பழைய மாணவர்கள் நாலைந்து பேரின் படங்களைத் தேடிப் பாருங்கள். சாந்திநிகேதனின் கலா பவனத்தில் நந்தலால் போஸிடம் கற்றவர்களில் இருவர் வினோத் பிஹாரி முகர்ஜியும் ராம்கிங்கர் பைஜும். ஒருவர் 1940-களில் அங்குள்ள இந்தி பவனத்தின் சுவர்களில் இடைக்காலத் துறவிகளின் நீண்ட ஊர்வலத்தை வரைந்தார். மற்றவர் 1938-இல் சிமெண்டையும் சரளையையும் கொண்டு, நடந்துபோகும் ஒரு சந்தால் பழங்குடிக் குடும்பத்தைத் திறந்தவெளியில் ஆளுயரத்துக்கும் மேலாக எழுப்பி நிறுத்தினார். இரண்டும் ஒன்றைப் போல் ஒன்று இல்லை, நந்தலாலைப் போலவும் இல்லை. உங்கள் சாரின் பழைய மாணவர்கள் இப்படித் திசைக்கு ஒருவராகப் போயிருந்தால் தாராளமாகச் சேருங்கள். பத்து வருடம் கழித்தும் எல்லாருடைய மலையும் அதே ஊதாவில் இருந்தால், இந்த நிலையோடு நன்றி சொல்லிவிட்டு வாருங்கள். எப்படி இருந்தாலும் உடனே சேர வேண்டாம். நடுவில் நாலைந்து மாதம் யாருக்கும் காட்டாமல் வரையும் காலம் ஒன்று வேண்டும். 'இப்போதே பெயர் கொடுங்கள்' என்ற அவசரம் அவர்களுடைய வசதிக்கு.

கடைசியாக, துணித் தொடரைப் பார்த்துவிட்டு அவர் முகம் சுளிக்கலாம். 'மேகம் எவ்வளவு நல்லா வந்துச்சு, இது எதுக்கு?' என்று கேட்கலாம். உடனே மலைக்கு ஓடிவிடாதீர்கள். 'எந்த இடத்தில் சரியாக வரவில்லை சார்?' என்று ஒரு தடவை கேளுங்கள். ஓரம் இறுகிக் கிடக்கிறது, இருட்டு போதவில்லை என்று படத்தைப் பற்றிச் சொன்னால் காது கொடுத்துக் கேட்டு, அந்தப் படத்தைத் திரும்பப் போடுங்கள். துணியெல்லாம் வரைகிற விஷயமா என்பதுதான் பதில் என்றால், சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டுப் பத்தையும் அப்படியே சமர்ப்பித்துவிடுங்கள்.