மலையகத்தில் செய்மதி காட்டும் மரப்பரப்பு இழப்பெல்லாம் காடழிப்புத்தானா? அதனால் காபன் உமிழ்வு கூடுகிறதா?

இல்லை. செய்மதித் தரவுகள் பொதுவாக ஐந்து மீற்றருக்கு மேல் உயர்ந்த தாவரங்களையே மரப்பரப்பாகக் கொள்கின்றன. தேயிலைச் செடி அதில் சேராது. ஆனால், நுவரெலியா, பதுளைப் பக்கங்களில் தேயிலை உலர்த்தும் அடுப்புக்காகத் தோட்டங்களே நட்டு வளர்த்த யூக்கலிப்டஸ் தோப்பு வெட்டப்பட்டால், அது மறுபடி துளிர்க்கவிருந்தாலும், அந்த ஆண்டின் இழப்பாகவே பதிவாகும்.

உண்மையான பேரிழப்பு செய்மதிக் காலத்துக்கு முன்பே நடந்துவிட்டது. 19ஆம் நூற்றாண்டில் கோப்பிக்காக மலைக்காடுகள் எரித்து அழிக்கப்பட்டன. 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை வீழ்த்தியபின், அந்நிலத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. நம் முன்னோரின் உழைப்பால் எழுந்த இந்தப் பச்சை, காட்டின் பச்சை அன்று என்பதை வருத்தத்தோடுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

உலர்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி காபன். ஒரு தொன் காபன் எரிந்தால் சுமார் 3.67 தொன் காபனீரொட்சைட்டாகிறது. விறகுத் தோப்பு மீண்டும் வளரும்போது அதைப் பெரும்பாலும் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். பழமையான இயற்கைக் காட்டை வெட்டினால், மண்ணில் சேர்ந்திருந்த காபனில் ஒரு பகுதியும் சேர்ந்தே வெளியேறுவதால், அதை ஈடுசெய்யப் பல தலைமுறைகள் ஆகும். ஆகவே, இழந்த ஹெக்டயர் எண்ணிக்கையை மட்டும் பார்த்து உமிழ்வைக் கணிப்பது தவறு.

இன்னொன்று: மலையகத்தின் உயரமான காட்டுப் பகுதியான ஹோட்டன் சமவெளியில் மரங்கள் நின்றபடியே மெல்லப் பட்டுப்போகின்றன. இத்தகைய படிப்படியான சிதைவு, முழுதாக வெட்டுண்ட இடங்களைத் தேடும் கணக்கில் எளிதில் அகப்படுவதில்லை.